கஜினியில் ஒரு கீதை வாசகர்

எல்லை கடந்த எண்ணங்கள் – பகுதி 9

1030ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் கஜினி மஹ்மூது இறந்தார். இந்தியாவின் வடமேற்கைத் திரும்பத் திரும்பச் சூறையாடிய அந்தச் சுல்தானின் தலைநகரில், அவர் இறந்த அதே ஆண்டில், 57 வயதை எட்டிக்கொண்டிருந்த அறிஞர் ஒருவர் அரபு மொழியில் பெரிய நூல் ஒன்றை எழுதினார். மொத்தம் 80 அத்தியாயங்கள். சூறையாடப்பட்ட அந்த நாட்டு மக்கள் கடவுளை எப்படிப் புரிந்துவைத்திருக்கிறார்கள், உயிர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்கிறார்கள், காலத்தை எப்படி அளக்கிறார்கள், யாரோடு மணம் செய்துகொள்கிறார்கள், இறந்தவர்களை என்ன செய்கிறார்கள் என்பதையெல்லாம் அந்த மக்களின் நூல்களைக் கொண்டே சொன்ன புத்தகம் அது. எழுதியவர் அபூ ரைஹான் அல்பெரூனி. நூலின் நீண்ட பெயரைச் சுருக்கி ‘கிதாபுல் ஹிந்த்’ என்கிறோம்.

பாக்தாத்தின் மொழிபெயர்ப்பாளர்கள் அரிஸ்டாட்டிலையும் கேலனையும் அரபுக்குக் கொண்டுவந்த கதையைச் சென்ற பகுதியில் பார்த்தோம். அந்த நூல்களைப் படித்து வளர்ந்த பிந்தைய தலைமுறையைச் சேர்ந்தவர் அல்பெரூனி. பிளாட்டோவைப் படித்த கண்ணோடு அவர் பகவத் கீதையைப் படித்தார். ஒரு சமயத்தின் எண்ணத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சமயத்தின் எண்ணத்தை வைத்துப் பார்க்க அவர் ஒரு முறையை வகுத்துக்கொண்டார். ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் அந்த முறையில் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அதனால் அவருடைய வானியலையும் நிலவியலையும் ஒதுக்கிவைத்துவிட்டு, இந்தப் பகுதியில் அதை மட்டும் பார்ப்போம்.

*

அல்பெரூனி பிறந்தது 973இல், ஆரல் கடலுக்குத் தெற்கே, ஆமூ தாரியா ஆற்றங்கரையில் இருந்த காத் என்னும் ஊரில். அன்று குவாரிஸ்ம் நாடு, இன்று உஸ்பெகிஸ்தான். அவருடைய தாய்மொழி குவாரிஸ்மியன். பாரசீகமும் அரபும் கற்று வந்தவை. இளம் வயதிலேயே இப்னு சீனாவோடு கடிதம் வழியாக அரிஸ்டாட்டிலைப் பற்றி வாதிட்டவர். ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில், பல்வேறு இனத்தவர் நாள்களையும் ஆண்டுகளையும் விழாக்களையும் கணக்கிடும் முறைகளை ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். அப்போதே ஒப்பீடு அவருக்குப் பிடித்த வேலையாகிவிட்டது.

1017இல் மஹ்மூது குவாரிஸ்மைப் பிடித்தார். அங்கிருந்த அறிஞர்களும் கஜினிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மஹ்மூதிடம் போக விரும்பாத இப்னு சீனா முன்பே மேற்குப் பக்கம் கிளம்பிவிட்டார். அல்பெரூனி கஜினிக்குப் போனார், அரசவையின் சோதிடராகவும் வானியலாளராகவும் இருந்தார். அவர் கைதியா, ஊழியரா என்று பிரித்துச் சொல்வது கடினம். தன் சொந்த நாட்டை வென்றவனின் அவையில், அதே மன்னன் வென்ற இன்னொரு நாட்டைப் பற்றி எழுதியவர் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

நூலின் முதல் அத்தியாயத்தில் மஹ்மூதைப் பற்றி அவர் எழுதியிருப்பது துணிச்சலானது. இறந்துபோன சுல்தானுக்கு இறையருளை வேண்டிவிட்டு, அடுத்ததாக உண்மையைச் சொல்கிறார்: அந்தப் படையெடுப்புகள் நாட்டின் வளத்தை அழித்தன, மக்கள் தூசியைப் போலச் சிதறிப்போனார்கள், எஞ்சியவர்களின் மனத்தில் முஸ்லிம்கள் மீது தீராத வெறுப்பு நிலைத்துவிட்டது, கல்வி காசிக்கும் காஷ்மீருக்கும் ஓடி ஒளிந்துகொண்டது. ஓர் அறிஞன் என்ற முறையில் இது அவருக்குச் சொந்த இழப்பாகவும் இருந்தது. யாரிடம் பாடம் கேட்க வேண்டுமோ, அவர்களைத்தான் வாள் துரத்திவிட்டிருந்தது.

அதே ஆண்டுகளில் அரசாங்கமும் தன் பங்குக்கு ஒரு ஒப்பீட்டைச் செய்தது. 1027, 1028 வாக்கில் லாகூரில் மஹ்மூதின் பெயரால் வெள்ளி நாணயங்கள் அச்சிடப்பட்டன. ஒரு பக்கம் அரபு, மறுபக்கம் சமஸ்கிருதம். இஸ்லாமின் உறுதிமொழியைச் சமஸ்கிருதத்தில் சொல்ல வேண்டியிருந்ததால், இறைவனை ‘அவ்யக்தம்’ என்றும் நபியை ‘அவதாரம்’ என்றும் எழுதிவைத்தார்கள். சந்தையில் செல்லுபடியாக அது போதும். அல்பெரூனிக்கு அது போதாது. அவ்யக்தம் என்பது சாங்கியத்தில் வடிவெடுக்காத மூலப்பொருளின் பெயர் என்பதை அவர் தம் நூலில் விளக்கியிருக்கிறார். அவசரமாகப் பொருத்திவைக்கும் ஒப்பீட்டுக்கும் பொறுமையாகப் படித்துச் செய்யும் ஒப்பீட்டுக்கும் உள்ள தூரத்தை இந்த ஒரு நாணயத்தை வைத்தே அளந்துவிடலாம்.

*

இந்த நூல் பிறந்த காரணத்தை அவரே முன்னுரையில் சொல்கிறார். அது இந்துக்களைப் பற்றிய பேச்சில் தொடங்கவில்லை. முஸ்லிம்களுக்குள்ளேயே நடந்த ஒரு சண்டையில் தொடங்கியது.

முஃதஸிலா என்பது இஸ்லாமிய இறையியலில் ஒரு பிரிவு. இறைவனின் அறிவு அவனிடமிருந்து வேறான ஒரு பண்பு அல்ல, அவன் தன்னாலேயே அறிகிறான் என்பது அவர்கள் கொள்கை. அவர்களை மறுத்து எழுதிய ஒருவர், இறைவனுக்கு அறிவே இல்லை என்று முஃதஸிலாக்கள் சொல்வதாக எழுதிவிட்டார். அபூ சஹ்ல் அல்திஃப்லீசி என்ற நண்பர் இதைக் காட்டி வருத்தப்பட்டார். எதிர்த்தரப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்றார் அல்பெரூனி. ஒரே மதத்துக்குள் இருக்கும் பிரிவைப் பற்றிய பொய்யையாவது பக்கத்தில் இருப்பவர் கண்டுபிடித்துவிடுவார். தொலைவில் உள்ள மதத்தைப் பற்றிச் சொல்லப்படும் பொய்யை யார் கண்டுபிடிப்பது? பேச்சு அப்படியே இந்துக்களின் பக்கம் திரும்பியது. அவர்களைப் பற்றி அரபு மொழியில் அதுவரை இருந்த எழுத்தெல்லாம் ஒருவர் சொன்னதை இன்னொருவர் பார்த்து எழுதியவை, சரிபார்க்கப்படாதவை என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அப்படியானால் நீங்களே எழுதுங்கள் என்றார் நண்பர்.

எழுதத் தொடங்கும்போதே தம் விதிகளையும் அல்பெரூனி சொல்லிவிடுகிறார். இது மறுப்பு நூல் அல்ல. தவறென்று தமக்குத் தோன்றுவதை மறுப்பதற்காக எதிர்த்தரப்பின் வாதத்தை எடுத்துவைக்கப்போவதில்லை. இந்துக்கள் சொல்வதை அவர்கள் சொல்வதுபோலவே வைத்துவிட்டு, அதற்கு நெருக்கமாகக் கிரேக்கர்கள் சொன்னதைப் பக்கத்தில் வைப்பார். தேவைப்படும் இடத்தில் சூஃபிகளையும் கிறித்தவப் பிரிவுகளையும் அழைப்பார்.

ஏன் கிரேக்கர்கள்? இந்த இடத்தில்தான் அவருடைய கூர்மை தெரிகிறது. அரபு மொழியில் படிக்கும் கல்விமான் யாரும் பிளாட்டோவைக் கேலி செய்யத் துணியமாட்டார். பாக்தாத் மொழிபெயர்ப்புகள் அந்தப் பெயருக்கு அத்தனை மதிப்பைச் சேர்த்திருந்தன. அந்தக் கிரேக்கர்களும் பல தெய்வங்களை வணங்கியவர்கள்தாம். உயிர் மறுபடி மறுபடி பிறக்கிறது என்று ஒரு பிராமணர் சொன்னால் சிரித்துவிடலாம். சாக்ரடீஸும் அதைத்தான் சொன்னார் என்று அடுத்த பத்தியில் வந்தால் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடும். தம் வாசகர் ஏற்கெனவே மதிக்கும் அயலார் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மதிக்காத அயலாரிடம் அவர் வாசகரை அழைத்துப் போகிறார்.

*

சமஸ்கிருதம் கற்பது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. நடுவயதைத் தாண்டிய பிறகு தொடங்கினார். ஒரே பொருளுக்கு ஏகப்பட்ட சொற்கள், ஒரே சொல்லுக்கு ஏகப்பட்ட பொருள்கள் என்று குறைப்பட்டுக்கொள்கிறார். கணிதத்தையும் மருத்துவத்தையும்கூடச் செய்யுளாகவே எழுதிவைத்திருக்கிறார்களே, யாப்புக்காகக் கருத்து வளைந்துபோகிறதே என்பது இன்னொரு குறை. ஏடு பெயர்த்தெழுதுபவர்களின் கவனமின்மையால் ஒரு நூல் இரண்டு மூன்று கை மாறுவதற்குள் வேறு நூலாகிவிடுகிறது என்பதும் உண்டு. நம் ஊரில் ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்களும் இதே வேதனையைப் பட்டார்கள்.

ஆனாலும் விடவில்லை. நூல்கள் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தாலும் பணத்தையும் பாட்டையும் பாராமல் தேடி வாங்கினார். அவற்றை விளக்கத் தெரிந்த பண்டிதர்களைத் தொலைவிலிருந்தும் வரவழைத்தார். முதலில் அவர்கள் முன் மாணவராக உட்கார்ந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் சொல்லும் கணக்குகளுக்குப் பின்னால் உள்ள காரணங்களை அவரே எடுத்துக்காட்டத் தொடங்கியதும் பண்டிதர்கள் வியந்துபோனார்கள். எந்த இந்து ஆசிரியரிடம் இதைக் கற்றாய் என்று கேட்டார்களாம். அன்னியன் ஒருவனுக்கு இவ்வளவு தெரியும் என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை. மந்திரவாதியாக இருப்பானோ என்றுகூட நினைத்தார்கள்.

அந்தச் செருக்கைப் பற்றி அவர் எழுதியிருப்பது கடுமையானது. தங்கள் நாட்டைப் போல் நாடில்லை, தங்கள் அறிவைப் போல் அறிவில்லை என்று இவர்கள் நினைக்கிறார்கள். இவர்களின் முன்னோர் இவ்வளவு குறுகிய மனத்தினராக இல்லை என்கிறார். வராகமிகிரர் கிரேக்கர்களின் அறிவைப் போற்றி எழுதியிருப்பதைச் சான்றாகக் காட்டுகிறார். ஆனால் அந்தக் கடுமையோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல அவர் மறக்கவில்லை. அன்னியரைத் தாழ்வாக நினைப்பது இந்துக்களுக்கு மட்டும் உரியதல்ல, எங்களிடமும் உண்டு, எல்லா இனத்தாரிடமும் உண்டு என்கிறார். ஒப்பிடுகிறவன் தன்னையும் தராசில் ஏற்ற வேண்டும் என்பதை அவர் விதியாக எழுதிவைக்கவில்லை. செய்துகாட்டினார்.

கொடுக்கல் வாங்கல் ஒருவழியாகவும் இருக்கவில்லை. சாங்கிய நூல் ஒன்றையும் பதஞ்சலியின் யோக நூலை ஓர் உரையோடும் அரபுக்குக் கொண்டுவந்தார். எதிர்த்திசையில், யூக்ளிடின் வடிவியலையும் தாலமியின் வானியலையும் சமஸ்கிருதச் சுலோகங்களாக்கும் வேலையில் தாம் ஈடுபட்டிருப்பதாக எழுதுகிறார். செய்யுள் வடிவத்தைக் குறைசொன்ன அதே மனிதர், கற்பவர்களுக்கு அதுதான் வசதி என்று தெரிந்ததும் யூக்ளிடையும் செய்யுளாக்க உட்கார்ந்துவிட்டார்.

*

இனி ஒப்பீட்டுக்கு வருவோம்.

இரண்டாம் அத்தியாயம் இறைவனைப் பற்றியது. கல்வியறிவுள்ள இந்துக்களின் கொள்கைப்படி இறைவன் ஒருவன், தொடக்கமும் முடிவும் இல்லாதவன், யாரையும் ஒப்பாதவன் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்கிறார். பதஞ்சலி நூலிலிருந்தும் கீதையிலிருந்தும் சாங்கியத்திலிருந்தும் சான்றுகளை அடுக்குகிறார். பல தெய்வ வழிபாட்டுக்காரர்கள் என்று மட்டுமே கேள்விப்பட்டிருந்த கஜினி வாசகருக்கு இது எத்தனை பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்கும்!

அந்த அத்தியாயத்தில் அவர் ஒரு பிரிவினையைச் செய்கிறார். நூல் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. எந்தச் சமூகத்தை எடுத்தாலும் அதில் படித்தவரின் சமயம் ஒன்று, பாமரரின் சமயம் ஒன்று. படித்தவர் புலனுக்கு எட்டாததை அறிவால் தேடுகிறார். பாமரர் கண்ணால் பார்க்கவும் கையால் தொடவும் கூடியதை விரும்புகிறார். எனவே ஒரு சமூகத்தின் தத்துவஞானியை இன்னொரு சமூகத்தின் பாமரரோடு ஒப்பிடுவது அநீதி. ஞானியை ஞானியோடும் பாமரரைப் பாமரரோடும்தான் ஒப்பிட வேண்டும்.

இன்றைக்கும் நம்மிடையே நடக்கும் மதச் சண்டைகளில் பாதி, இந்த விதியை மீறுவதால் வருகிறது. என் மதம் என்றால் அதன் உயர்ந்த நூலை எடுப்பேன். உன் மதம் என்றால் உன் தெருவில் நேற்று நடந்ததை எடுப்பேன். அல்பெரூனி இந்தக் கள்ளக் கணக்கை 1030இலேயே மூடிவிட்டார்.

சிலை வழிபாட்டைப் பற்றிய பதினோராம் அத்தியாயத்தில் இந்த விதி உயிர் பெறுகிறது. சிலைகளை உடைத்ததையே பெருமையாகச் சொல்லிக்கொண்ட அரசவையிலிருந்து எழுதுகிறார் என்பதை மறக்கக்கூடாது. சோமநாதபுரத்திலிருந்து கொண்டுவரப்பட்ட சிவலிங்கத்தின் ஒரு துண்டு கஜினி மசூதியின் வாசலில், கால் துடைத்துச் செல்லும் இடத்தில் கிடந்தது என்று அவரே பதிவு செய்கிறார். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு அவர் எழுதியது இது: நபியின் படத்தையோ மக்காவின் படத்தையோ வரைந்து, படிப்பறிவில்லாத ஒரு முஸ்லிம் ஆணிடமோ பெண்ணிடமோ காட்டிப் பாருங்கள், அவர் அதை முத்தமிடுவார், கன்னத்தில் ஒற்றிக்கொள்வார், அதன் முன் மண்ணில் புரளுவார், படத்தைப் பார்க்கவில்லை, புனிதத் தலத்துக்கே போய்விட்டோம் என்று நினைத்துக்கொள்வார். மனித மனம் கண்ணுக்குத் தெரிவதன் பக்கம் சாய்வது இயல்பு என்கிறார். யூதர்களும் கிறித்தவர்களும், எல்லாரையும்விட அதிகமாக மானி சமயத்தாரும், நூல்களிலும் வழிபாட்டிடங்களிலும் படம் வைத்துக்கொண்டதைச் சுட்டுகிறார்.

அதன் பிறகு அம்பரீஷன் கதையை விரிவாகச் சொல்கிறார். துறவு பூண்டு தவமிருந்த அரசனிடம் இறைவன் தோன்றுகிறான். மறதி உன்னை ஆட்கொண்டால், நீ கண்ட இந்த உருவத்தைப் போல ஒன்றைச் செய்து வைத்துக்கொள் என்கிறான். சிலை நினைவுக்காக வந்தது, காலப்போக்கில் காரணம் மறந்துபோய் வழக்கம் மட்டும் நின்றது என்பது அல்பெரூனியின் விளக்கம். பழைய கிரேக்கர்களும் தங்களுக்கும் மூல காரணனுக்கும் இடையில் நிற்கும் தூதர்களாகவே சிலைகளைக் கருதினார்கள் என்று முடிச்சுப் போடுகிறார். வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையிலிருந்து எந்தத் தெய்வச் சிலைக்கு எத்தனை கைகள், எந்தக் கையில் என்ன என்பதுவரை எழுதிவைக்கிறார். தமக்கு உடன்பாடில்லாத ஒன்றை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்து எழுதியதைத்தான் நான் மரியாதை என்பேன்.

*

மறுபிறப்பைப் பற்றிய அத்தியாயம் இன்னும் நுட்பமானது. முஸ்லிமுக்குக் கலிமா எப்படியோ, கிறித்தவருக்குத் திரித்துவம் எப்படியோ, யூதருக்கு ஓய்வுநாள் எப்படியோ, அப்படி இந்துவுக்கு மறுபிறப்பு என்று தொடங்குகிறார். அதை நம்பாதவரை அவர்கள் தம்மவராகவே எண்ணமாட்டார்கள் என்பது அவர் கணிப்பு. பிறகு போர்க்களத்தில் வாசுதேவன் அர்ஜுனனுக்குச் சொன்னதை எடுத்துவைக்கிறார். உடல்தான் அழியும், உள்ளே இருப்பது அழியாது என்ற அந்த உபதேசம், ஒரு போரில் மண்ணான நாட்டிலிருந்து, போர் தொடுத்தவனின் ஊருக்கு வந்து அரபு உரைநடையாகிறது. கீதையின் கருத்துகள் அரபு மொழியில் பதிவானதில் இதுவே மிகப் பழையவற்றுள் ஒன்று.

அதற்கு அடுத்து யார் வருகிறார்கள் பாருங்கள். ஈரானிலிருந்து துரத்தப்பட்டு இந்தியாவுக்கு வந்து, மறுபிறப்புக் கொள்கையை இங்கே கற்றுத் தம் சமயத்தில் சேர்த்துக்கொண்டதாகச் சொல்லப்படும் மானி வருகிறார். சாகும் நாளில் நண்பர்களோடு உயிரின் நிலைபேற்றைப் பற்றிப் பேசும் சாக்ரடீஸ், பிளாட்டோவின் பைடோ உரையாடலிலிருந்து வருகிறார். கடைசியில் சூஃபிகளில் ஒரு சாரார் வருகிறார்கள். தொலைவில் தொடங்கி, வாசகரின் வீட்டு வாசல்வரை கருத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்.

வீடுபேற்றைப் பற்றிய அத்தியாயத்திலும் இதே நடை. யோகி அடையும் எட்டு சித்திகளையும், அவற்றையும் துறந்து அடையும் கைவல்யத்தையும் பதஞ்சலி வழியாக விளக்குகிறார். பக்கத்திலேயே, பாம்பு தோலை உரிப்பதுபோல என்னை நானே உரித்துப்போட்டேன், பிறகு பார்த்தால் நானே அவன் என்று சொன்ன பிஸ்தாம் நகரத்துச் சூஃபி அபூ யஸீதை நிறுத்துகிறார். வேதாந்தம் சூஃபிகளுக்குப் போனதா, சூஃபிகள் தாமாகவே அங்கே வந்து சேர்ந்தார்களா என்று பிற்காலத்தில் பெரிய விவாதம் நடந்தது. அல்பெரூனி அந்தக் கேள்விக்குள் போகவில்லை. யார் யாரிடம் கடன் வாங்கினார் என்று தேடுவதைவிட, இருவரும் எந்த இடத்தில் ஒத்துப்போகிறார்கள் என்று காட்டுவதே அவருக்கு முக்கியமாக இருந்தது. பல இடங்களில் அதுவே நேர்மையான வழி.

ஒற்றுமைகளைத் தேடிப்போகிறவர் வேற்றுமையை மழுப்பிவிடுவாரோ என்ற ஐயம் எழலாம். ஒன்பதாம் அத்தியாயத்தில் சாதியைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால் ஐயம் தீரும். நான்கு வருணங்களையும், அவற்றுக்கும் கீழே வைக்கப்பட்டு ஊருக்கு வெளியே குடியிருக்க வைக்கப்பட்டவர்களையும் தொழில்வாரியாகப் பட்டியலிடுகிறார்: வண்ணார், செருப்புத் தைப்பவர், வித்தைக்காரர், கூடையும் கேடயமும் செய்பவர், ஓடக்காரர், மீனவர், வேட்டைக்காரர், நெசவாளர். அதற்கும் கீழே தோட்டி வேலைக்குத் தள்ளப்பட்ட சண்டாளர் முதலியோர். ஒப்புக்கு முற்கால ஈரானைக் காட்டுகிறார். அர்தஷீர் மன்னன் மக்களை வகுப்புகளாகப் பிரித்துவைத்ததை நினைவூட்டுகிறார். பிறகு ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார்: இறையச்சத்தைத் தவிர வேறெதிலும் மனிதருக்குள் உயர்வு தாழ்வு இல்லை என்று கொள்ளும் எங்களுக்கும் இவர்களுக்கும் நடுவில் நிற்கும் பெரிய தடை இதுதான்.

அதோடு நிறுத்தாமல், இந்துக்களுக்குள்ளேயே இதைப் பற்றி ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் எழுதுகிறார். முக்தி மேல் இரண்டு வருணத்தாருக்கு மட்டுமே என்பார் சிலர். தத்துவங்கள் இருபத்தைந்தையும் பிரித்தறிந்தவர் எந்தச் சமயத்தில் நின்றாலும் வீடு பெறுவார் என்ற வியாசரின் வாக்கைக் காட்டி, முக்தி எல்லா மனிதர்க்கும் பொது என்பார் தத்துவவாதிகள். அறிவுடையவனுக்கு அந்தணனும் சண்டாளனும் ஒன்றே என்ற கீதைக் கருத்தையும் சேர்த்துவைக்கிறார். எதிர்த்தரப்பின் உள்ளே இருக்கும் மாற்றுக்குரலைத் தேடி எடுத்துச் சொல்கிறவரே நம்பத்தக்க விமரிசகர்.

அவர் மிக மனம் நொந்து எழுதிய இடம் என்று எனக்குத் தோன்றுவது பிரம்மகுப்தரைப் பற்றியது. பூமியின் நிழலால் சந்திர கிரகணம் உண்டாகிறது என்று நன்றாக அறிந்த அந்த மாபெரும் கணித மேதை, ராகு விழுங்குகிறது என்ற நம்பிக்கையை மறுப்பவர்களைக் கண்டித்தும் எழுதியிருக்கிறார். ஏன் இப்படிச் செய்தார் என்று அல்பெரூனி தவிக்கிறார். உண்மையைச் சொன்னால் சாக்ரடீஸுக்கு நேர்ந்தது தமக்கும் நேரும் என்று அஞ்சியிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வருகிறார். சாக்ரடீஸ் சொல்லிவிட்டு இறந்தார், இவர் சொல்லாமல் பிழைத்துக்கொண்டார். கூட்டத்தை எதிர்த்து நிற்கத் துணிந்தவர்கள் இல்லாததால்தான் இந்துக்களின் அறிவியலில் முத்தும் சாணமும் கலந்து கிடக்கின்றன என்பது அவர் தீர்ப்பு. தீர்ப்பு அளவுக்கு மீறியது என்றே நினைக்கிறேன். ஆரியபட்டரின் வழிவந்தவர்கள் அதே கிரகண உண்மையைத் தயங்காமல் சொன்னார்கள். ஆனால் ஞானிக்கும் கூட்டத்துக்கும் நடுவே உள்ள அச்சத்தையும் அவர் ஒப்பிடத்தக்க பொருளாகக் கண்டார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

*

அவருக்கு எல்லைகள் இருந்தன. பஞ்சாப், முல்தான், பெஷாவர்ப் பகுதிகளைத் தாண்டித் தாம் போனதில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். பௌத்தரைப் பற்றித் தம்மால் சரியாகச் சொல்ல இயலாது, ஒரு பௌத்த நூலும் கிடைக்கவில்லை, ஒரு பௌத்தரையும் சந்திக்கவில்லை, எனவே முன்னோர் ஒருவர் எழுதியதையே நம்ப வேண்டியதாயிற்று என்கிறார். இரண்டாம் கைச் செய்திகளைக் கண்டித்துத் தொடங்கிய நூலில், இந்த இடத்தில் என் செய்தி இரண்டாம் கை என்று அடையாளமிட்டுச் சொல்லிவிட்டார்.

தெற்கு அவருக்கு இன்னும் தொலைவு. ராமேசுவரமும் ராமர் கட்டிய சேதுவும் நூலில் இடம்பெறுகின்றன, கேள்விப்பட்ட செய்தியாக. மஹ்மூது சோமநாதபுரத்தை நோக்கிப் புறப்பட்ட 1025இல்தான் ராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்தை நோக்கிச் சென்றது. 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரை ராஜராஜன் அமர்த்தியிருந்தான். ஆழ்வார்களும் நாயன்மார்களும் பாடி முடித்துச் சில நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பக்தி மரபு கஜினிக்கு எட்டவில்லை. எட்டியிருந்தால், படித்தவர் சமயம் வேறு, பாமரர் சமயம் வேறு என்ற அவருடைய பிரிவினைக்குச் சோதனை வந்திருக்கும். பெரும்புலமையும் கண்ணீரோடு சிலை முன் நிற்கும் உருக்கமும் ஒரே மனிதரிடம் இருந்ததை ஞானசம்பந்தரிடமும் நம்மாழ்வாரிடமும் அவர் கண்டிருப்பார். அறிவு உருவத்தைக் கடந்துபோய்விடும் என்று எண்ணியவருக்கு, அறிந்த பிறகும் உருவத்தை விரும்பி வணங்கியவர்களை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்திருக்கும்.

இந்தக் குறையைச் சொல்வது அவரைக் குறைப்பதற்காக அல்ல. தம்மிடம் இருந்த ஏடுகளையும் தம்மிடம் வந்த பண்டிதர்களையும் கொண்டு ஒருவர் செய்யக்கூடியதற்கு மேலேயே அவர் செய்தார். தம் மார்க்கத்தில் அவருக்குக் கடைசிவரை உறுதியான நம்பிக்கை இருந்தது. அதை விட்டுக்கொடுக்காமலே பிறர் மார்க்கத்துக்கு நியாயம் செய்ய முடிந்தது. ஒப்பிடுவதற்கு மதமற்றவராக இருக்க வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் இந்த மனிதரைப் படித்துவிட்டுப் பேச வேண்டும்.

மஹ்மூதுக்குப் பின் வந்த மஸூது அவரை ஆதரித்தார். அவருடைய பெரிய வானியல் நூல் அந்த மன்னர் பெயராலேயே அமைந்தது. அல்பெரூனி 1048ஐ ஒட்டிக் கஜினியிலேயே மறைந்தார். அவர் காட்டிய முறையைத் தொடர்ந்து எடுத்துச் செல்ல உடனடியாக யாரும் வரவில்லை. கிதாபுல் ஹிந்தின் அரபு மூலத்தை எட்வர்ட் சக்காவு என்ற ஜெர்மானிய அறிஞர் 1887இல் அச்சிட்டார். மறு ஆண்டே ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். அல்பெரூனி அரபில் தந்த யோக நூலின் பிரதியை இஸ்தான்புல்லில் 1922இல் லூயி மசிஞோன் கண்டெடுத்தார். அது 1956இல்தான் பதிப்பாக வந்தது. அதில் உள்ள உரை, நமக்குத் தெரிந்த பழைய யோக உரைகள் எதனோடும் முழுமையாகப் பொருந்துவதில்லை. நம் நாட்டில் தொலைந்துபோன ஓர் உரையின் நிழல் அரபில் மட்டும் பிழைத்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

சக்காவின் மொழிபெயர்ப்பு எளிதில் கிடைக்கிறது. கணக்கும் கிரகங்களும் நிறைந்த நடு அத்தியாயங்களைத் தாண்டிவிட்டாலும், முன்னுரையையும் முதல் பதினோரு அத்தியாயங்களையும் மட்டுமாவது படியுங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பகுதியில் 1575க்குப் போகிறோம். பதேபூர் சிக்ரியில் அக்பர் ஒரு மண்டபம் கட்டுகிறார். பல மதத்தவரையும் ஒரே இடத்தில் நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேசச் சொல்கிறார்.